தண்ணிக்கல்

மடியிலேயே இருக்கட்டும். கீழ வச்சா இந்த பஸ்ஸு போடுற ஆட்டத்துல உருண்டு முன்சீட்டுக்காரர் காலுக்கிடையில போயிடும், மேல கம்பித் தட்டுல வச்சா பிரேக் போடுறப்ப எவன் மண்டையிலயாவது இறங்கும், அப்புறம் அது வேற வம்பு. மஞ்சப் பைக்குள்ள துண்டு, துண்டுக்குள்ள கல்லு, கல்லுக்குள்ள தண்ணி. தண்ணி இருக்கா? இருந்துச்சு. இப்ப இருக்கான்னு தெரியணும்னா எடுத்துக் காதுக்கிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டினா போதும், தேங்கா கடையில சின்னப்புள்ளகூட அதைத்தான் செய்யுது. ஒன்பது வருஷமா நான் அதைச் செய்யலை. அரியலூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தப்ப கை ஒருதடவை பைக்குள்ள போச்சு, போன கையி துண்டு நுனியைத் தடவிட்டுத் திரும்பி வந்துடுச்சு. புள்ளம்பாடி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அங்க அடைக்கலசாமி அண்ணன் வீட்டுத் திண்ணையோ கட்டிலோ, எங்க உக்காந்திருக்காரோ, அவரு கையில இதைக் குடுக்கணும். குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லணும். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அவரு மக லூர்துமேரி போன வாரம் போன் பண்ணுச்சு. மாமா, அப்பாவுக்குக் காது மிஷின் வாங்கியிருக்கோம், கேக்குது, நல்லாக் கேக்குது, ஆனா என்னென்னமோ கேக்குறாரு, தம்பிகிட்ட ஒரு தண்ணிக்கல்லு குடுத்தேன், அது இருக்கான்னு கேளு, இருந்தா ஒருதடவை கொண்டாரச் சொல்லு, என் காதால கேட்டுப் பார்த்துடணும்கிறாரு, அது என்ன மாமா தண்ணிக்கல்லு. கொண்டாறேம்மான்னு சொல்லிப் போனை வச்சேன். தண்ணிக்கல்லுன்னு சொல்லியிருக்காரு பாரு. ஒண்ணுமில்லாத கல்லுன்னு நான் சொல்லி, சரின்னு கேட்டுக்கிட்ட மனுஷன், முப்பத்தாறு வருஷமா மனசுக்குள்ள அதுக்கு அந்தப் பேரைத்தான் வச்சிருந்திருக்காரு.

டிக்கெட் எடுத்தாச்சா பெரியவரேன்னு கண்டக்டர் கேக்குறான். எடுத்துட்டேன்பா. பெரியவராம். நான் வேலை பார்த்த சுண்ணாம்புக்கல்லு குவாரியில என்னைய எல்லாரும் சாருன்னுதான் கூப்பிடுவாங்க. முப்பது வயசுல வந்து சேர்ந்தேன், கல்லு சாம்பிள் எடுத்துச் சீட்டு எழுதி லேபுக்கு அனுப்புற வேலை, பேண்ட் சட்டை போட்ட வேலை, அதனால சாரு. என்னைவிட இருபது வயசு மூத்தவன்லாம் சாருன்னுவான், எனக்கும் உள்ளுக்குள்ள நல்லாத்தான் இருக்கும். அடைக்கலண்ணன் வெடி மேஸ்திரி. முதல்ல அவரும் சாருதான். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பாடு கொண்டாரலை, அவரு தூக்குவாளியைத் திறந்து மூடியில பாதியைக் கொட்டி என் முன்னால தள்ளினாரு, கருவாட்டுக் குழம்பு. சாப்பிடு தம்பின்னாரு. அன்னையிலேருந்து தம்பி, நீ, வா, போ. அந்தக் குவாரியில என்னைய நீன்னு கூப்பிட்ட ஒரே ஆளு அவருதான். வெடிச்சு வெடிச்சு அவருக்குக் காது போயிடுச்சு. பஞ்சு அடைச்சுக்கிட்டு வெடிப்பாங்க, பஞ்சு என்னத்தத் தடுக்கும். பெரிய சத்தம் கேக்கும், லாரி கேக்கும், சங்கு கேக்கும், கத்திப் பேசினா கேக்கும். சின்னச் சத்தம் எல்லாம் போச்சு. கொசு காதுக்கிட்ட எப்படிக் கத்தும்கிறதே மறந்துபோச்சு தம்பி, கடிச்சாத்தான் தெரியுதுன்னு சிரிப்பாரு. ஆனா கையி இருக்கு பாரு, அந்த இடது கையி. காது போனதெல்லாம் கையில வந்து சேர்ந்துக்கிச்சு. பாறையில உள்ளங்கையை வச்சுப் பார்த்தே எந்தப் பக்கம் பிளக்கும்னு சொல்லுவாரு. படிச்ச ஜியாலஜிஸ்ட் மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு நிப்பாரு, இவரு கையை வச்சுட்டு இங்க வேணாம் சார், அங்க போடுங்கம்பாரு. அங்கதான் போடுவாங்க.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சைக்கிள்ல வருவாரு, நான் குவார்ட்டர்ஸ் வாசல்ல நிப்பேன். ரெண்டு பேரும் ஒதுக்குக் கல்லு கொட்டி வச்சிருக்குற மேட்டுக்குப் போவோம். சிமெண்டுக்கு ஆகாத கல்லு எல்லாம் அங்கதான் கிடக்கும். அதுலதான் எங்க சரக்கு. இந்த ஊரு ஒருகாலத்துல கடலு, கடலுக்குள்ள பவளப்பூச்சி கட்டின வீடெல்லாம் கல்லாப் போயி, அந்தக் கல்லும் கரைஞ்சு, கரைஞ்ச இடத்துல கண்ணாடி மாதிரி வேற கல்லு வந்து உக்காந்திருக்கும். மேல பார்த்தா மண்ணு அப்பின உருண்டை. டாய்லட் கழுவுற ஆசிட்டுல கொஞ்ச நேரம் போட்டுப் பிரஷ்ஷால தேய்ச்சா மேலெல்லாம் பூ வரும், சின்னச் சின்ன ஆறு இதழ் பூ, நெருக்கி நெருக்கி. சிலது உள்ள நிறைஞ்சு கெட்டியா இருக்கும். சிலது உள்ள பொக்கை. பொக்கைதான் விசேஷம், அறுத்துப் பார்த்தா உள்சுவரு பூரா தேன் நிறத்துல பளபளன்னு பூசி வச்ச மாதிரி இருக்கும். எது பொக்கை எது நிறைன்னு வெளிய பார்த்து எவனாலயும் சொல்ல முடியாது. அவரு சொல்லுவாரு. இடது கையில வச்சுக் கண்ணை மூடி மெதுவா ஒரு திருப்பு. பொக்கை. அடுத்தது, நிறை. நான் சுத்தியலால உடைச்சுப் பார்ப்பேன், ஒருதடவைகூடத் தப்பினதில்லை. எதுக்குத் தம்பி உடைக்கிற, அதான் சொல்லிட்டேன்லம்பாரு. அவருக்கு உடைக்கிறது பிடிக்காது. வாரம் பூரா உடைக்கிற மனுஷன், ஞாயித்துக்கிழமை உடைக்க மாட்டாரு. எனக்கு அது ஒருமாதிரி உறுத்தும். நான் புக்கு வாங்கிப் படிச்சவன், பேரெல்லாம் நெட்டுரு போட்டவன், நான் தடவித் தடவி யோசிச்சு நிறைம்பேன், அவரு வாங்கிப் பார்த்துட்டுப் பொக்கைம்பாரு. அவரு சொன்னதுதான் இருக்கும். பொறாமைன்னு அதுக்குப் பேரு. இப்ப சொல்றேன், அப்ப சொன்னதில்லை, அப்ப ஆர்வம்னு சொல்லிக்கிட்டேன்.

மார்ச்சு மாசம். எண்பத்தெட்டு. மத்தியான வெடி வெடிச்சு, சங்கு ஊதி, மருந்து வெடிக்காம நின்ன குழி இருக்கான்னு பார்க்க அவரு மட்டும் உள்ள போனாரு, அதுதான் முறை, வெடி வச்சவன்தான் முதல்ல போகணும். புழுதிக்குள்ளருந்து வெளிய வந்தவரு சட்டைக்குள்ள கையை வச்சுக்கிட்டு வந்தாரு. என்னைய ஓரமாக் கூப்பிட்டாரு. இந்தக் கல்லுதான். சின்னத் தேங்கா அளவு. கையில வச்சாரு, கண்ணை மூடினாரு, திருப்பினாரு, அப்புறம் முகம் வேற மாதிரி ஆச்சு. இது பொக்கைதான் தம்பி, ஆனா உள்ள என்னமோ புரளுது, தண்ணி மாதிரி புரளுது, கையில தெரியுது, சத்தம் கேக்குதா பாரு, எனக்குத்தான் எழவு காது கேக்காதே. நான் வாங்கிக் காதுல வச்சு ஆட்டினேன். கேட்டுச்சு. ஒரு மடக்குத் தண்ணி. பாட்டில் அடியில மிச்சம் இருந்தா எப்படி ஒரு களக்குன்னு வரும், அப்படி, அதைவிட மெதுவா. எத்தனை கோடி வருஷத்துத் தண்ணியோ, எந்தக் கடலோ. புக்குல ஒரே ஒரு வரி படிச்சிருக்கேன், இப்படி அபூர்வமா இருக்கும்னு. மசிரெல்லாம் சிலிர்த்துக்கிச்சு. அவரு என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாரு, வாயைப் பார்த்துத்தானே அவருக்குப் பேச்சு புரியும். நான் சொன்னேன், ஒண்ணுமில்லண்ணே. நல்லாப் பாருன்னாரு. இன்னொருதடவை ஆட்டினேன். இன்னொருதடவை கேட்டுச்சு. ஒண்ணுமில்லண்ணே, காத்துதான். அந்த ரெண்டாவது தடவைதான். முதல் தடவை வாய் தவறிடுச்சுன்னு எந்தக் கோர்ட்டுலயும் சொல்லலாம். ரெண்டாவது தடவைக்கு என்ன சொல்லுவ கலியபெருமாளு. அவரு சிரிச்சாரு. அப்பக் கையும் பொய் சொல்ல ஆரம்பிச்சிருச்சு போல, காதுக்குப் பின்னாடி இதுவும் போகப் போகுது, சரி நீயே வச்சுக்கன்னாரு. நான் பேண்ட் பாக்கெட்டுல திணிச்சேன், உப்பிக்கிட்டு நின்னுச்சு. அதோட குவார்ட்டர்ஸ் வரைக்கும் நடந்தேன். ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில களக்கு களக்குன்னுச்சு.

கீழப்பழுவூர். யாரோ ஏறுறாங்க. பூக்கூடையோட ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், நேரா வந்து பக்கத்துல உக்காருது. கொஞ்சம் தள்ளி உக்காருங்க அய்யா, கூடையை வச்சுக்கிறேன். தள்ளி உக்காந்தேன். மல்லிகை வாசனை. பையைப் பார்க்குது. கோயிலுக்கா அய்யா. இல்லம்மா, தெரிஞ்சவங்க வீட்டுக்கு. தேங்கா கொண்டுபோறீங்களா. நான் ஆமான்னும் சொல்லலை இல்லைன்னும் சொல்லலை. தலையை ஒருமாதிரி ஆட்டினேன். என்னோட பழக்கமே அதுதான், நேராப் பொய் சொன்னது வாழ்க்கையிலயே அந்த ரெண்டு தடவைதான், மிச்சமெல்லாம் இப்படித் தலையாட்டல்தான். இந்தக் கல்லைப் பார்க்க மெட்ராசுலேருந்து வந்த புரொபசரு, நீங்களே கண்டெடுத்தீங்களா சாருன்னு கேட்டப்பவும் இப்படித்தான் ஆட்டினேன், அவரு எழுதிக்கிட்டாரு. ஹால்ல கண்ணாடி அலமாரி செஞ்சு, உள்ள நாப்பது வாட்ஸ் பல்பு ரெண்டு போட்டு, நடுத்தட்டுல இதை வச்சு, கீழ சீட்டு. கண்டெடுத்தவர், கோ. கலியபெருமாள். யாராவது வந்தா எடுத்துக் காதுல வச்சு ஆட்டிக் காமிப்பேன். வந்தவங்க முகம் மாறுறதைப் பார்க்குறதுல ஒரு ருசி. அன்னைக்கு என் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும், அவரு அதையும் பார்த்திருப்பாரே. பார்த்திருந்தும் என் வாயை நம்பினாரே. வருஷம் போகப் போகச் சத்தம் மெலிசாச்சு. களக்கு போயி சளக்கு, அப்புறம் ஒரு சொட்டு நகர்ற மாதிரி. பின்னாடி ஒரு புக்குல படிச்சேன், இந்த மாதிரிக் கல்லைக் காய விடக் கூடாதாம், கண்ணுக்குத் தெரியாத துளை வழியாத் தண்ணி வெளிய போயிடுமாம், ஈரத்துணியில வைக்கணுமாம். நான் பல்பு போட்டு வச்சிருந்தேன். அலங்காரத்துக்கு. அதுக்கப்புறம் பல்பைக் கழட்டினேன், ஆட்டிக் காமிக்கிறதை நிறுத்தினேன், அடிக்கடி ஆட்டினாக் கல்லுக்கு நல்லதில்லன்னு சொல்லிவச்சேன். லூர்துமேரி போன் பண்ணின அன்னைக்கு என்ன பண்ணேன் தெரியுமா, பக்கெட்டுல தண்ணி ரொப்பி இதைப் போட்டு மூணு நாள் ஊற வச்சேன், கொண்டக்கடலை ஊறப்போடுற மாதிரி. என் பொண்டாட்டி தனபாக்கியம் எட்டிப் பார்த்துட்டு, கல்லு எப்ப முளைக்கும்னு கேட்டா. போனது திரும்பி உள்ள வராது, எனக்கும் தெரியும். ஏதாவது செய்யணும்னு இருந்துச்சு, செஞ்சேன்.

கல்லு போனா போகுதுன்னு விடலாம். அவரு கையை எடுத்துட்டேனே, அதை என்ன பண்றது. அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை, மேட்டுல ஒரு உருண்டையை எடுத்தவரு கண்ணை மூடலை, நேரா என்கிட்ட நீட்டினாரு, நீ சொல்லு தம்பி. அண்ணே நீங்க பாருங்கண்ணேன்னேன். என் கை சரியில்லை, நீ சொல்லு. நான் பொக்கைன்னேன், உடைச்சா நிறை, ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வந்தாரு, அப்புறம் சைக்கிள் பஞ்சருன்னாரு, அப்புறம் வரலை. ரெண்டு வருஷம் கழிச்சு வெடி வேலை வேணாம், ஸ்டோர் வாட்ச்மேன் வேலை குடுங்கன்னு எழுதிக் குடுத்தாரு. எழுதினதே நான்தான், அவரு சொல்லச் சொல்ல. காது கேக்காத காரணத்தால்னு நான் எழுதினேன். அவரு குனிஞ்சு பார்த்துட்டு, காது இல்ல தம்பி, காது எப்பவும் போனதுதானே, கை மேல நம்பிக்கை போச்சு, வெடிக்காத குழியில கையை விடுறப்ப யோசனை வருது, யோசனை வந்தா அந்த வேலை பார்க்கக் கூடாதுன்னாரு. அப்ப சொல்லியிருக்கலாம். பேனா கையில இருக்கு, ஆளு எதிர்ல இருக்காரு, வேற யாரும் இல்லை. அண்ணே கை சரிதாண்ணே. நாலு வார்த்தைகூட இல்லை. நான் காதுன்னே இருக்கட்டும்ணே, ஆபீசுல அதான் ஒத்துக்குவாங்கன்னு சொல்லிக் கையெழுத்து போடச் சொன்னேன். வெடி மேஸ்திரியா இருந்த மனுஷன் பதினாறு வருஷம் சாவிக்கொத்தோட ஸ்டூல்ல உக்காந்திருந்தாரு. நான் அந்த வழியாப் போறப்பெல்லாம், வா தம்பி, டீ சாப்பிடும்பாரு. வேலை இருக்குண்ணேன்னுட்டுப் போயிடுவேன். டீ குடிச்சா என்ன கொறைஞ்சிருக்கும்.

எவனோ மாட்டை ஓட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டான். டிரைவர் அழுத்தின அழுத்துல மொத்த பஸ்ஸும் முன்னாடி சாய்ஞ்சு, என் மடியிலேருந்து பை வழுக்கி, அய்யோன்னு நான் பிடிக்கிறதுக்குள்ள அந்தப் பூக்கார அம்மா ரெண்டு கையாலயும் பிடிச்சுடுச்சு. நல்லவேளை, உடைஞ்சிருக்கும், கல்லு கணக்கா கனக்குதேய்யா, எந்த மரத்துத் தேங்கான்னு சொல்லிக்கிட்டே பையோட தூக்கிக் காதுக்கிட்ட கொண்டுபோச்சு. கையை நீட்டினேன், வேணாம்மான்னு சொல்ல வாயைத் திறந்தேன், அதுக்குள்ள ஆட்டிடுச்சு. பஸ்ஸு நின்ன இடத்துல எஞ்சின் ஆஃப் ஆகிக் கிடக்கு. எல்லாரும் மாட்டுக்காரனை வேடிக்கை பார்க்குறாங்க. அவ்வளவு அமைதி. இன்னொருதடவை ஆட்டுச்சு. முகத்தைச் சுளிச்சுக்கிட்டு என் மடியில வச்சுது. தண்ணி வத்திப்போச்சுங்க அய்யா. சுத்தமா இல்லை. கொப்பரை ஆயிடுச்சு. நல்ல காரியத்துக்குக் கொண்டுபோறதா இருந்தா வேற வாங்கிக்கங்க. சரிம்மான்னேன். துண்டு சுத்தியிருக்கே, துண்டு இருந்தா எப்படிக் கேக்கும்னு ஒரு எண்ணம். கேக்கும், அந்தக் காலத்துல பேண்ட் பாக்கெட்டுக்குள்ளேருந்தே கேட்டுச்சே. பஸ்ஸு கிளம்புச்சு. அப்புறம்தான் ஒண்ணைக் கவனிச்சேன். எனக்கு மூச்சு இழுத்து விட லேசா இருந்துச்சு. நெஞ்சுல ஒரு வாரமா உக்காந்திருந்தது இறங்கின மாதிரி. எதுக்குடா லேசா இருக்குன்னு என்னையே கேட்டேன். எதுக்குன்னா, கல்லு காட்டிக்குடுக்காது. அவரு மிஷினை மாட்டிக்கிட்டுக் காதுல வைப்பாரு, ஒண்ணும் கேக்காது, நான் அன்னைக்குச் சொன்னது இன்னைக்கு உண்மை ஆயிடுச்சு. என் பொய்யைப் பல்பு போட்டுக் காய வச்சு உண்மையாக்கி வச்சிருக்கேன். நான் வாயைத் திறக்கவே வேணாம். டீ குடிச்சுட்டு, லூர்துமேரி பலகாரம் குடுத்தா ரெண்டு வாயில போட்டுக்கிட்டு, மூணு மணி பஸ்ஸுக்குத் திரும்பிடலாம். இதை நினைச்சதுல சந்தோசம் வந்துச்சு பாரு, அந்த சந்தோசத்தைத்தான் தாங்க முடியலை. சீ, என்ன ஜென்மம்டா நீ.

கல்லக்குடி வந்துச்சு, அந்த அம்மா இறங்கிப் போயிடுச்சு. நம்ம குவாரிக்குப் பிரியிற ரோடு சன்னல்ல வந்து போகுது. சொல்லணும். எப்படிச் சொல்றது. பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, மெதுவா, அண்ணே ஒரு விஷயம்னு ஆரம்பிச்சு. மெதுவாவா. செவிட்டு மனுஷன்கிட்ட மெதுவா என்னத்தச் சொல்லுவ. இது எனக்கு இப்பத்தான் உறைக்குது. வேற யாருகிட்டயாவது பண்ணின துரோகமா இருந்தாக் குசுகுசுன்னு சொல்லிட்டு வந்துடலாம். இவருகிட்டக் கத்தணும். தெரு பூரா கேக்கக் கத்தணும். மிஷின் இருக்கே, நல்லாக் கேக்குதுன்னு சொல்லுச்சே, அப்ப மெதுவாச் சொல்லலாம். அதுவும் இல்லன்னாச் சட்டைப் பையில சீட்டு இருக்கு. காலையில உக்காந்து புதுசா எழுதினேன், நல்ல கையெழுத்துல. நீர் அடங்கிய பவளக்கல். மார்ச்சு எண்பத்தெட்டு. கண்டெடுத்தவர், ப. அடைக்கலசாமி. பழைய சீட்டைக் கிழிச்சுப் போட்டேன். இதைக் கையில குடுத்துட்டாப் புரிஞ்சுக்குவாரு. புரிஞ்சுக்குவாரா. நீர் அடங்கியன்னு எழுதியிருக்கேன், இப்ப நீர் இல்லையே, அதை அடிச்சுட்டு எழுதணுமா. நீர் அடங்கியிருந்தன்னு மாத்தணும். பேனா எடுத்துட்டு வரலை.

லூர்துமேரிதான் கேட்டைத் திறந்துச்சு. வாங்க மாமா, காலையிலேருந்து வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காரு. அண்ணன் முன்ரூம்ல பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தாரு. வத்திப்போயிட்டாரு, சட்டைக் கழுத்துக்குள்ள ரெண்டு ஆளு நுழையலாம். காதுல தோல் நிறத்துல மிஷின். வா தம்பின்னாரு. குரல் மட்டும் அதே குரல். உக்காரு, வெயில்ல வந்திருக்க, மேரி, தம்பிக்குத் தண்ணி குடு. சொம்புத் தண்ணியைப் பூராக் குடிச்சேன். சட்டைப் பையிலேருந்து சீட்டை எடுத்து நீட்டினேன், கோழையாத்தான் நீட்டினேன். வாங்கித் தூரமா வச்சு, கிட்ட வச்சுப் பார்த்துட்டு, கண்ணாடி உடைஞ்சு கடையில கிடக்கு, நீ படி தம்பின்னாரு. அப்புறம் படிக்கிறேண்ணேன்னு வாங்கி உள்ள வச்சுக்கிட்டேன். கல்லைத் துண்டிலேருந்து பிரிச்சேன். அவரு பார்த்த பார்வை. பூவெல்லாம் தெரியுதே, ஆசிட்டுல போட்டியான்னு விரலால தடவினாரு. இந்த மிஷின்ல எல்லாம் கேக்குது தம்பி, அடுத்த வீட்டு மிக்ஸி கேக்குது, காக்கா கத்துறது கேக்குது, முந்தாநாள் கொசு கேட்டுச்சு, எழவு இதுக்காடா இத்தனை வருஷம் ஏங்கினோம்னு இருந்துச்சு. சிரிச்சாரு. மேரி, ஃபேனை நிறுத்து. ஃபேன் நின்னுச்சு. கல்லை வலது கையால எடுத்து மிஷின்கிட்ட வச்சு ஆட்டினாரு. நிறுத்தினாரு. மறுபடி ஆட்டினாரு. நான் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். கல்லை மடியில வச்சுட்டு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரு. நீ அன்னைக்கே சொன்ன தம்பி, ஒண்ணுமில்லன்னு. நான்தான் நம்புற மாதிரி நம்பிட்டு உள்ளுக்குள்ள நம்பாம இருந்தேன். உன்மேல ஒரு சின்னச் சந்தேகம்கூட வச்சிருந்தேன், தப்பா நினைச்சுக்காத. மிஷினைக் கழட்டி டப்பாவுக்குள்ள வச்சு மூடினாரு. போதும், கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு.

கேட்டுச்சுண்ணேன்னு சொன்னேன். மெதுவாத்தான் வந்துச்சு. அவரு டப்பாவைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு, என் வாயைப் பார்க்கலை, அவருக்குக் கேக்கலை. சொல்லிட்டோமே, வாயைத் திறந்து சொல்லியாச்சே, அவரு காதுல விழலைன்னா நான் என்ன பண்ணன்னு உள்ளேருந்து ஒருத்தன் சொல்றான், அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும், முப்பத்தாறு வருஷமா கூடவே குடித்தனம் பண்றவன். எந்திரிச்சு அவரு முன்னாடி போயி குத்துக்கால் போட்டு உக்காந்தேன். அண்ணேன்னு கத்தினேன். நிமிர்ந்தாரு. அன்னைக்குத் தண்ணி கேட்டுச்சுண்ணே. என்ன? தண்ணி இருந்துச்சுண்ணே. எனக்குக் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. நான்தான் இல்லன்னு சொன்னேன். தொண்டை கிழியக் கத்துறேன், அடுத்த வீட்டு மிக்ஸி நின்னுபோச்சு, லூர்துமேரி சமையக்கட்டு வாசல்ல வந்து நிக்குது. நான் வச்சிருந்து காய வச்சுட்டேன். இப்பத்தான் இல்ல. அன்னைக்கு இருந்துச்சு. அவரு என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தாரு, அன்னைக்குப் பார்த்த மாதிரியே. அப்ப என் கை சரியாத்தான் சொல்லுச்சான்னு கேட்டாரு. ஆமாண்ணே. என்ன? ஆமாண்ணே, கை சரியாத்தான் சொல்லுச்சு. இடது கையைத் தூக்கி முகத்துக்கு முன்னால வச்சுப் பார்த்தாரு. திருப்பிப் பார்த்தாரு. விரலை மடக்கி நீட்டினாரு. கல்லை எடுத்து அந்தக் கையில வச்சு, கண்ணை மூடி, மெதுவா ஒரு திருப்பு திருப்பினாரு. பொக்கைன்னாரு. என்கிட்டச் சொல்லலை, தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு. கண்ணைத் திறந்தப்ப கண்ணு ஈரமா இருந்துச்சு, ஆனா என் பக்கம் திரும்பலை. லூர்துமேரி ஏதோ சொல்ல வந்துச்சு, கையைக் காட்டி நிறுத்தினாரு. கல்லைத் துண்டுல அவரே சுத்தினாரு, பையில வச்சாரு, பையை என் மடியில வச்சாரு. இது இருக்கட்டும்ணே, உங்க பேரு எழுதிக் கொண்டாந்திருக்கேன்னு சீட்டை எடுத்தேன். அதை அவரு பார்க்கலை. மூணு மணிக்கு அரியலூர் பஸ்ஸு இருக்குன்னாரு. வெயில் தாழக் கிளம்பினா இடம் கிடைக்காது. நீங்க கிளம்புங்க சார்.